தட்டினேன், ஒன்றும் வரவில்லை: வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். லினக்ஸ் கணினியின் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் ஜன்னலில், நோட்டிஃபை-சென்ட் என்று தட்டினால் திரை ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்து சேதி சொல்ல வேண்டும்; வரவில்லை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் ஆங்கில எழுத்து தானாகப் பிடிபடும்.

கேள்வி: வணக்கம் மேடம். க்னோம் டெஸ்க்டாப்பிலிருந்து போன வாரம் ஐ3 என்ற ஜன்னல் மேலாளருக்கு மாறினேன். பெரிய கோப்புகளை நகலெடுத்து முடித்ததும் "முடிந்தது" என்று பெட்டி வரும்படி ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருந்தேன். இப்போதும் ஸ்கிரிப்ட் ஓடுகிறது, பெட்டி மட்டும் இல்லை. நோட்டிஃபை-சென்ட்டை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். இரண்டு முறை. பலன் இல்லை.

பதில்: இரண்டு முறை என்று படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் ஒரு காலத்தில் அதைத்தான் செய்தேன்.

நோட்டிஃபை-சென்ட் மேல் ஒரு குற்றமும் இல்லை. திரையில் எதையும் வரைய அதற்குத் தெரியவே தெரியாது. லிப்நோட்டிஃபை என்ற நூலகத்தோடு வருகிற சின்ன நிரல் அது. நீங்கள் கொடுத்த தலைப்பையும் வாசகத்தையும் பொட்டலமாகக் கட்டி, நிரல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும் பாதையான டி-பஸ்ஸில் போடும். அத்தோடு அதன் வேலை முடிந்தது. அந்தப் பஸ்ஸில் "ஆர்க்.ஃப்ரீடெஸ்க்டாப்.நோட்டிஃபிகேஷன்ஸ்" என்ற பெயரை யார் எடுத்து வைத்திருக்கிறாரோ, அவர்தான் பொட்டலத்தைப் பிரித்துப் பெட்டி வரைகிறவர். சேதி எழுதிக் கொடுக்கிறவர் வேறு, தண்டோரா போடுகிறவர் வேறு.

க்னோமில் அந்தத் தண்டோரா வேலையை க்னோம் ஷெல்லே பார்த்துக்கொள்கிறது. பிளாஸ்மா என்ற டெஸ்க்டாப்பும் அப்படியே. எக்ஸ்எஃப்சிஇ-யில் எக்ஸ்எஃப்சிஇ4-நோட்டிஃபைடி என்று தனி ஆள் உண்டு. ஐ3 ஜன்னல்களை அடுக்கும், அதோடு சரி. தண்டோராவுக்கு நீங்கள்தான் ஆள் வைக்க வேண்டும். பெரும்பாலோர் டன்ஸ்ட் வைத்துக்கொள்வார்கள். ஸ்வே போன்ற, வேலேண்ட் என்ற திரை முறையில் ஓடும் சூழல் என்றால் மாக்கோ.

ஆனால் நிறுவுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஸ்கிரிப்டை ஓரமாக வைத்துவிட்டு, டெர்மினலில் நேரடியாக நோட்டிஃபை-சென்ட் "சோதனை" என்று தட்டிப் பாருங்கள். என் ஊகம் சரியென்றால், அந்தப் பெயரை எந்த "டாட் சர்வீஸ்" கோப்பும் தரவில்லை என்று நீளமாக ஒரு பிழைச் செய்தி வரும். அதில் "சர்வீஸ்அன்நோன்" என்ற சொல் இருக்கும். இவ்வளவு நாளும் அந்த வரி வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. ஸ்கிரிப்ட் பின்னணியில் ஓடியதால் நீங்கள் பார்க்கவில்லை. பிழைச் செய்தி எங்கே விழுகிறது என்று தெரியாமல் பிழையைத் தேடுவது இருட்டில் ஊசி தேடுகிற மாதிரி.

டன்ஸ்ட் போட்டபின்னும் சந்தேகம் இருந்தால் "--பிரிண்ட்-ஐடி" என்ற விருப்பத்தைச் சேர்த்துத் தட்டுங்கள். மிகப் பழைய பதிப்புகளில் இது கிடையாது. இப்போது புழங்குகிறவற்றில் உண்டு. ஓர் எண் வந்தால், அதை நான் இந்த வழக்கின் திருப்புமுனை என்பேன். அந்த எண்ணைக் கொடுப்பது நோட்டிஃபை-சென்ட் அல்ல, தண்டோரா ஆள். எண் வந்தது என்றால் பொட்டலம் அவர் கையில் சேர்ந்துவிட்டது, இனி அவர் ஏன் காட்டவில்லை என்றுதான் விசாரிக்க வேண்டும். எண் வரவில்லை என்றால் பொட்டலம் வழியிலேயே நிற்கிறது. இந்த ஒரு எண்ணை வைத்தே பாதிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடலாம். மற்ற கடிதங்களிலும் இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

இன்னொன்று. முன்பு வேறு டெஸ்க்டாப் வைத்திருந்தவர்களுக்கு அதன் டீமன், அதாவது பின்னணியில் ஓடும் தண்டோரா நிரல், இன்னும் வட்டில் கிடக்கலாம். டன்ஸ்ட்டும் அதுவும் ஒரே பெயருக்கு உரிமை கோரும் சர்வீஸ் கோப்பு வைத்திருக்கும். யாரும் ஓடாத நேரத்தில் பொட்டலம் வந்தால், டி-பஸ் தானே ஓர் ஆளை எழுப்பும். எந்த ஆளை என்பது உங்கள் விருப்பப்படி இருக்காது. "பஸ்சிடிஎல் --யூசர் ஸ்டேட்டஸ்" என்று தட்டி, பக்கத்தில் அந்த நீளப் பெயரைக் கொடுத்தால், இப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யார், அவருடைய ப்ராசஸ் எண் என்ன என்று வந்துவிடும். வேண்டாதவர் என்றால் நீக்கிவிட்டு, ஐ3 அமைப்புக் கோப்பில் டன்ஸ்ட்டைத் தொடக்கத்திலேயே கிளப்பும்படி ஒரு வரி எழுதிவிடுங்கள். முதலில் வந்தவருக்கே நாற்காலி.

கேள்வி: அக்கா, எனக்குப் பிழைச் செய்திகூட உடனே வருவதில்லை. தட்டியதும் டெர்மினல் அப்படியே உறைந்து நிற்கிறது. அரை நிமிடம் போலக் கழித்து "டைம்அவுட்" என்று ஏதோ சொல்லிவிட்டுத் திரும்புகிறது. ஸ்வேயும் மாக்கோவும் வைத்திருக்கிறேன். சில நாள் ஒழுங்காக வருகிறது, சில நாள் இப்படி.

பதில்: அந்த அரை நிமிடத்துக்குக் கணக்கு இருக்கிறது. டி-பஸ்ஸில் ஒன்றை அழைத்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும் வழக்கமான கெடு 25 விநாடி. அதாவது அழைப்பு போயிருக்கிறது. எடுக்க வேண்டியவர் எழுந்து வரவில்லை.

ஏன் எழவில்லை? மாக்கோ திரையில் வரைய வேண்டுமானால் எந்தத் திரை என்று தெரிய வேண்டும். அதைச் சொல்வது "வேலேண்ட்_டிஸ்ப்ளே" என்ற சூழல் மாறி, அதாவது நிரல்களுக்குக் கூடவே கொடுத்தனுப்பும் ஒரு குறிப்பு. ஸ்வே தொடங்கியபின் அதற்குள் திறந்த டெர்மினலுக்கு அந்த மாறி தெரியும். ஆனால் மாக்கோவை எழுப்புவது உங்கள் டெர்மினல் அல்ல, ஸ்வே பிறப்பதற்கு முன்பிருந்தே ஓடிக்கொண்டிருக்கும் டி-பஸ்ஸும், பின்னணிச் சேவைகளைக் கிளப்பி நடத்தும் சிஸ்டம்டியும். அவற்றுக்கு அந்த மாறியை யாரும் சொல்லவே இல்லை. எழுப்பப்பட்ட ஆள் கண்ணைத் திறந்து பார்த்து, திரையைக் காணோமே என்று மறுபடி படுத்துவிடுகிறார்.

"சில நாள் வருகிறது" என்கிறீர்களே, அந்த நாட்களில் நீங்களோ வேறு ஏதோவோ மாக்கோவை ஸ்வேக்குள்ளிருந்தே கிளப்பியிருப்பீர்கள். ஸ்வே அமைப்புக் கோப்பில் "டிபஸ்-அப்டேட்-ஆக்டிவேஷன்-என்விரான்மென்ட்" கட்டளையை "--சிஸ்டம்டி" விருப்பத்தோடும் அந்த மாறியின் பெயரோடும் ஒரு வரியாகப் போடுங்கள். பெயர் நீளம்தான், வேலை சின்னது: இந்த மாறியை நீயும் தெரிந்துவைத்துக்கொள் என்று இரண்டு பேரிடமும் சொல்வது. அப்படியே, ஸ்வேயை "டிபஸ்-ரன்-செஷன்" போட்டுக் கிளப்புகிறீர்களா என்றும் பாருங்கள். சிஸ்டம்டி இருக்கும் கணினியில் அது தேவையில்லை. ஏற்கெனவே ஒரு பஸ் ஓடும்போது இரண்டாவதாக ஒன்றை ஓட்டினால், மாக்கோ ஒன்றில் ஏறி உட்கார்ந்திருக்கும், உங்கள் சேதி இன்னொன்றில் போய்க்கொண்டிருக்கும்.

கேள்வி: கையால் தட்டினால் அழகாக வருகிறது. அதே வரியை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரானின் பட்டியலான க்ரான்டேபில் போட்டால் மணிக்கணக்காகக் காத்திருந்தாலும் வருவதில்லை. க்ரான் ஓடுகிறதா என்றே சந்தேகமாக இருக்கிறது. ஒரு கோப்பில் தேதியை எழுதச் சொல்லிச் சோதித்தேன், எழுதுகிறது. பிறகு இதற்கு மட்டும் என்ன?

பதில்: நல்ல சோதனை செய்திருக்கிறீர்கள். க்ரான் ஓடுகிறது என்று நிரூபித்துவிட்டீர்கள், இனி அதைச் சந்தேகப்பட வேண்டாம்.

நீங்கள் உள்நுழையும்போது உங்கள் ஷெல்லுக்கு, அதாவது நீங்கள் தட்டுவதை வாங்கி ஓட்டும் நிரலுக்கு, சூழல் மாறிகளின் ஒரு பெரிய மூட்டை கொடுக்கப்படுகிறது. எந்தத் திரை, எந்தப் பஸ், எந்த மொழி என்று எல்லாம் அதில் இருக்கும். க்ரான் அந்த மூட்டை இல்லாமல் வெறுங்கையோடு ஓடும் ஆள். வீட்டு அடைவு, பயனர் பெயர், ஷெல், கட்டளைகளைத் தேடச் சின்னதாக ஒரு பாதை, அவ்வளவுதான் அதன் சொத்து. "டிபஸ்_செஷன்_பஸ்_அட்ரஸ்" அதில் இல்லை. முகவரி இல்லாத கடிதத்தை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

என்னை நம்ப வேண்டாம், நீங்களே பார்க்கலாம். டெர்மினலில் "என்வ் -ஐ" என்று எழுதி, அதன் பின்னால் உங்கள் நோட்டிஃபை-சென்ட் வரியை எழுதித் தட்டுங்கள். மூட்டையைப் பிடுங்கிவிட்டு அந்த ஒரு கட்டளையை மட்டும் ஓட்டும். க்ரானில் நடப்பது கண்ணெதிரே நடக்கும், பிழைச் செய்தியோடு. க்ரான் சம்பந்தப்பட்ட எதையும் நான் முதலில் இப்படித்தான் சோதிப்பேன். மணி ஐந்து ஆகட்டும், பத்து ஆகட்டும் என்று உட்கார்ந்து காத்திருப்பது எனக்கு ஒத்துவராது.

சரி, முகவரி என்ன? சிஸ்டம்டி உள்ள கணினிகளில் அது மாறாத இடம்: /ரன்/யூசர்/ என்பதற்குப் பின் உங்கள் பயனர் எண், அதற்குப் பின் /பஸ். பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் முதல் பயனரின் எண் 1000. "ஐடி -யூ" என்று தட்டினால் உங்களுடையது வரும். க்ரான்டேபில் மேலேயே டிபஸ்_செஷன்_பஸ்_அட்ரஸ்=யூனிக்ஸ்:பாத்=/ரன்/யூசர்/1000/பஸ் என்று ஒரு வரி போட்டால் கீழே உள்ள எல்லா வேலைகளுக்கும் அது கிடைக்கும். "யூனிக்ஸ்:பாத்=" என்ற முன்னொட்டை விட்டுவிட்டு வெறும் பாதையைக் கொடுத்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதை விடாதீர்கள்.

இந்த அடைவை நீங்கள் உள்நுழையும்போது சிஸ்டம்டி உண்டாக்குகிறது, வழக்கமாகக் கடைசியாக வெளியேறும்போது அழித்தும்விடுகிறது. ஆகவே யாருமே உள்நுழையாத இரவில் க்ரான் எவ்வளவு கத்தினாலும் கேட்க ஆள் இருக்காது. அது பிழையல்ல, நியாயம்.

இதெல்லாம் செய்தும் வரவில்லை என்றால், உங்கள் வரியில் விழுக்காட்டுக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கடிதத்தில் முழு வரியைத் தரவில்லை, ஆனால் "இப்போது மணி இத்தனை" என்று சொல்லத்தான் பெரும்பாலும் இப்படிப் போடுவார்கள். டேட் கட்டளைக்கு மணியும் நிமிடமும் கேட்க % குறி வேண்டும். க்ரான்டேபிலில் % என்றால் புதிய வரி என்று பொருள். உங்கள் கட்டளை அந்த இடத்தோடு வெட்டப்பட்டு, மிச்சம் உள்ளீடாகப் போய்விடும். மேற்கோள் குறி மூடப்படாமல் தொங்கும். ஒவ்வொரு % குறிக்கும் முன்னால் பின்சாய்வுக்கோடு போடுங்கள். அல்லது எல்லாவற்றையும் ஒரு ஸ்கிரிப்டில் எழுதி, க்ரான்டேபிலில் அந்த ஸ்கிரிப்டின் பெயரை மட்டும் கொடுங்கள். நான் இரண்டாவது கட்சி.

உண்மையைச் சொன்னால், அறிவிப்பு காட்டுவதற்கு க்ரான் சரியான ஆளே இல்லை. சிஸ்டம்டியில் பயனருக்கென்றே டைமர் வைக்கலாம். அது உங்கள் பயனர் மேலாளருக்குள்ளேயே ஓடுவதால் பஸ் முகவரி கையிலேயே இருக்கும். இரண்டு சின்னக் கோப்புகள் எழுத வேண்டும், ஒன்று சர்வீஸ், ஒன்று டைமர். முதல் நாள் அலுப்பாக இருக்கும். பிழை வந்தால் "ஜர்னல்சிடிஎல் --யூசர்" போட்டுப் படிக்கலாம் என்ற ஒரு சௌகரியத்துக்காகவே நான் மாறினேன்.

கேள்வி: ஸ்கிரிப்டை சூடோ போட்டு, அதாவது ரூட் என்ற நிர்வாகியாக, ஓட்டினால் அறிவிப்பு வருவதில்லை. ரூட்டுக்கு எல்லா உரிமையும் உண்டு என்றுதானே சொல்கிறார்கள்?

பதில்: உரிமை வேறு, உறவு வேறு. செஷன் பஸ் என்பது உள்நுழைந்த பயனருக்குச் சொந்தமானது, ரூட் அந்த வீட்டுக்காரர் அல்ல. சூடோ போட்டதும் சூழல் மாறிகளும் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். அவற்றைக் கட்டிப்பிடித்துக் கொண்டுபோனாலும் வாசலில் யார் என்று கேட்டு, ரூட் என்றால் பஸ் திருப்பி அனுப்பிவிடலாம். ஆகவே ரூட்டாக ஓடும் ஸ்கிரிப்டுக்குள் அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி உங்கள் பெயருக்கு இறக்குங்கள்: சூடோ -யூ, உங்கள் பயனர் பெயர், அதையடுத்து மேலே சொன்ன பஸ் முகவரி, அதன் பிறகு நோட்டிஃபை-சென்ட். முழு ஸ்கிரிப்டையும் ரூட்டாக ஓட்டத் தேவையில்லை என்றால் இன்னும் நல்லது.

கேள்வி: மேடம், நீங்கள் முன்பு ஓர் இதழில் சொன்னபடி --பிரிண்ட்-ஐடி போட்டுப் பார்த்தேன். எண் வருகிறது. ஒவ்வொரு தடவையும் ஒன்று கூடிக்கொண்டே போகிறது. பிழை இல்லை. டன்ஸ்ட் ஓடுகிறது. ஆனால் திரையில் மட்டும் எதுவும் இல்லை. எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போல இருக்கிறது.

பதில்: எனக்கு ஏற்கெனவே பிடித்து, தெளிந்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

ஒரு முறை நாலு பேர் முன்னால் திரையைக் காட்டிப் பேச வேண்டியிருந்தது. நடுவில் பெட்டிகள் குதிக்கக் கூடாது என்று, டன்ஸ்ட்டை நிறுத்தி வைக்கவும் மறுபடி ஓடவிடவும் ஒரே விசைச் சேர்க்கை வைத்தேன். சூப்பர் (விண்டோஸ்) பொத்தானோடு "என்" என்ற ஆங்கில எழுத்து. "டன்ஸ்ட்சிடிஎல் செட்-பாஸ்ட் டாகிள்" என்பது அதன் பின்னால் உள்ள கட்டளை. பேச்சு நன்றாகவே முடிந்தது. விசைச் சேர்க்கையை அப்படியே விட்டுவிட்டேன்.

அதற்குப் பல மாதம் கழித்து ஒரு நாள் அறிவிப்புகள் நின்றுபோயின. உடனே கவனித்தேனா என்றால் அதுவும் இல்லை. வராத ஒன்றை எப்படிக் கவனிப்பது? மூன்று வாரம் கழித்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதிச் சோதித்தபோதுதான் தெரிந்தது. நானும் உங்களைப் போலவே எண்ணைப் பார்த்தேன், வந்தது. பஸ்ஸில் போவதையெல்லாம் காட்டும் டிபஸ்-மானிட்டரை ஒரு ஜன்னலில் ஓடவிட்டு, இன்னொரு ஜன்னலில் தட்டினேன். "நோட்டிஃபை" என்ற அழைப்பு என் வாசகத்தோடு வரிவரியாகப் போவதும், பதிலாக எண் திரும்புவதும் கண்ணுக்குத் தெரிந்தது. தபால் போகிறது, கையெழுத்துப் போட்டு வாங்கியும்கொள்கிறார். பிறகு எங்கே வைக்கிறார்? நிறம் பின்னணியோடு கலந்துவிட்டதோ, பெட்டி திரைக்கு வெளியே வரைகிறதோ என்று டன்ஸ்ட் அமைப்புக் கோப்பு முழுவதையும் இரவு இரண்டு மணி வரை அலசினேன். இரண்டாவது திரையைக் கழற்றினேன். மாட்டினேன்.

கடைசியில் வேறு எதற்கோ கையேட்டைப் புரட்டும்போது "டன்ஸ்ட்சிடிஎல் கவுன்ட் வெய்ட்டிங்" என்ற கட்டளை கண்ணில் பட்டது. தட்டினேன். 214. அடுத்து "டன்ஸ்ட்சிடிஎல் இஸ்-பாஸ்ட்". "ட்ரூ" என்றது.

ஜன்னலை மாற்ற "எம்" விசையைத் தட்டப்போய் விரல் பக்கத்திலிருந்த "என்" விசை மீது விழுந்திருக்கிறது, மூன்று வாரத்துக்கு முன். அவ்வளவுதான் விஷயம். நிறுத்தி வைத்தால் டன்ஸ்ட் எதையும் எறிவதில்லை, வரிசையில் வைத்துக்கொள்கிறது. ஓடவிட்டதும் வலது மூலையிலிருந்து பெட்டிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்க ஆரம்பித்தன. அதில் பதினேழு, "காப்புப்பிரதி வட்டு நிறைந்துவிட்டது" என்பது. அன்றிரவு தூங்கவில்லை, காரணம் டன்ஸ்ட் இல்லை.

ஆகவே எண் வருகிறது என்றால் முதலில் அமைதி நிலையைப் பாருங்கள். டன்ஸ்ட்டில் இஸ்-பாஸ்ட். மாக்கோவில் "மாக்கோசிடிஎல் மோட்" தட்டி, தொந்தரவு செய்யாதே என்று நீங்களே வைத்த நிலை ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். க்னோமிலும் "தொந்தரவு செய்யாதே" பொத்தான் உண்டு; பழைய பதிப்புகளில் மேலே கடிகாரத்தைச் சொடுக்கினால் வரும் பட்டியலில் இருந்தது, புதியவற்றில் விரைவு அமைப்புகள் பட்டியலில் இருக்கும். அது உள்ளே மாற்றுவது "ஷோ-பேனர்ஸ்" என்ற ஒரே அமைப்பைத்தான். முழுத்திரையில் படம் ஓடும்போதும் க்னோம் சாதாரணப் பெட்டிகளைக் காட்டாது, பட்டியலில் சேர்த்துவைக்கும். பிளாஸ்மாவில் இரண்டு திரைகளில் ஒரே காட்சி ஓடினால் தானாகவே அமைதிக்குப் போகும் அமைப்பு உண்டு. "--அர்ஜென்சி=கிரிட்டிகல்" போட்டு அனுப்பினால் க்னோம் இந்த அமைதியை மீறிக் காட்டும். அதைச் சோதனைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். எல்லாவற்றுக்கும் கிரிட்டிகல் போடுகிறவரின் கணினியில் எதுவுமே கிரிட்டிகல் இல்லை.

நான் விசைச் சேர்க்கையை மாற்றவில்லை. ஆனால் மேல் பட்டையில், நிறுத்தியிருந்தால் சிவப்பாக ஒரு புள்ளி தெரியும்படி செய்துவிட்டேன்.

கேள்வி: எனக்குப் பெட்டி வருகிறது, ஆனால் மின்னல் மாதிரி. வந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. 5 விநாடி காட்டும்படி --எக்ஸ்பையர்-டைம்=5 என்றுதான் கொடுத்திருக்கிறேன்.

பதில்: அது விநாடி இல்லை, மில்லிவிநாடி. ஐந்து விநாடிக்கு 5000 என்று கொடுங்கள். நீங்கள் கேட்டபடியே ஒரு விநாடியில் இருநூறில் ஒரு பங்கு நேரம் காட்டியிருக்கிறது, பாவம். இந்த எண்ணை மதிப்பதும் விடுவதும் காட்டுகிறவர் இஷ்டம். க்னோம் ஷெல் இதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. 2009-இல் உபுண்டு 9.04-இல் வந்த நோட்டிஃபை-ஓஎஸ்டியும் அப்படித்தான், அந்த நாளில் அதற்காக எத்தனை பேர் திட்டினார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. நானும் திட்டினேன்.

கேள்வி: சில சேதிகள் மட்டும் வருவதில்லை. வெப்பநிலையை அறிவிக்கும் என் ஸ்கிரிப்ட், பூச்சியத்துக்குக் கீழே போனால் வாயை மூடிக்கொள்கிறது.

பதில்: இந்த மாதத்தின் அழகான கேள்வி இது. பூச்சியத்துக்குக் கீழே போனால் உங்கள் தலைப்பு "-3" என்று கழித்தல் குறியில் தொடங்குகிறது. நோட்டிஃபை-சென்ட் அதைத் தலைப்பு என்று எடுத்துக்கொள்ளாமல், ஏதோ விருப்பம் கொடுக்கிறார் போல, எனக்குத் தெரியாத விருப்பம் என்று மறுத்துவிடுகிறது. தலைப்புக்கு முன்னால் தனியாக இரண்டு கோடு "--" போட்டால், இதற்குமேல் விருப்பம் இல்லை, எல்லாம் வாசகம்தான் என்று பொருள்.

அதே குடும்பத்தில் இன்னும் இரண்டு. மேற்கோள் குறி போடாமல் மூன்று சொல் கொடுத்தால், தலைப்பு ஒன்று, வாசகம் ஒன்று, மூன்றாவது என்ன என்று கேட்டு எண்ணிக்கை தவறு என்பதாக நின்றுவிடும். இரண்டு சொல் என்றால் வேலை செய்யும், அதனால்தான் சோதிக்கும்போது பிடிபடாது. மற்றது, ஒரு மாறியின் மதிப்பைத் தலைப்பாகக் கொடுக்கும்போது அது காலியாக இருந்தால் தலைப்பே இல்லை என்று மறுக்கும். வாசகத்தில் & குறியோ < குறியோ வந்தாலும் கவனம் தேவை; பல டீமன்கள் வாசகத்தைத் தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்துக் குறியீடுகளோடு படிக்கின்றன. கோப்புப் பெயர்களை அப்படியே உள்ளே தள்ளுகிறவர்கள் & குறியை "&amp;" என்று மாற்றி அனுப்புங்கள். இந்த ஒன்றை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும், வேறு வழியில்லை.

கேள்வி: என்னிடம் இருப்பது மேக். நோட்டிஃபை-சென்ட் இல்லை என்பதால் மேக்கில் உள்ள ஓஎஸ்ஏஸ்கிரிப்ட் என்ற கட்டளை வழியாக "டிஸ்ப்ளே நோட்டிஃபிகேஷன்" கொடுக்கிறேன். பிழையும் இல்லை, பெட்டியும் இல்லை.

பதில்: அந்த வசதி 2013-இல் ஓஎஸ் டென் மாவெரிக்ஸோடு வந்தது. நீங்கள் டெர்மினலில் தட்டினாலும் அறிவிப்பு வழக்கமாக ஸ்கிரிப்ட் எடிட்டரின் பெயரில்தான் போகிறது. ஆகவே அமைப்புகளில் அறிவிப்புகள் பக்கம் போய் டெர்மினலைத் தேடாமல் ஸ்கிரிப்ட் எடிட்டரைத் தேடி அனுமதி கொடுங்கள். பட்டியலில் அந்தப் பெயரே இல்லை என்றால், ஸ்கிரிப்ட் எடிட்டரைத் திறந்து அதே ஒரு வரியை அதற்குள்ளிருந்து ஒரு தடவை ஓட்டுங்கள், அனுமதி கேட்டு எட்டிப் பார்க்கும். ஃபோகஸ் என்ற தொந்தரவு செய்யாதே நிலை ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். என் கதையை மேலே படித்திருப்பீர்கள்.

கேள்வி: வேலை செய்யும் இடத்தில் உள்ள கணினியில் எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பு வழியாக நுழைந்து நீளமான வேலைகளை ஓட்டுகிறேன். ஒவ்வொன்றும் முடிந்ததும் நோட்டிஃபை-சென்ட் கொடுத்தேன். ஒரு மாதமாக ஒன்றுகூட என் மடிக்கணினியில் வரவில்லை. பிழையும் இல்லை.

பதில்: பிழை இல்லை என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்தபின் நீங்கள் தட்டுவது எல்லாம் அந்தக் கணினியில் ஓடும். அறிவிப்பும் அந்தக் கணினியின் பஸ்ஸில்தான் போகும். அங்கே உங்கள் பெயரில் யாரும் திரையில் உள்நுழையாமல் இருந்தால் பொதுவாகப் பிழை வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால், நீங்கள் கிளம்பும்போது திரையைப் பூட்டினீர்களே தவிர வெளியேறவில்லை என்று அர்த்தம். பயனர் ஒருவரே, எண் ஒன்றே, பஸ்ஸும் ஒன்றே.

மடிக்கணினியில் வர வேண்டுமானால் நோட்டிஃபை-சென்ட்டை இங்கே வையுங்கள்: எஸ்எஸ்ஹெச், கணினியின் பெயர், ஓட வேண்டிய வேலை, பிறகு அரைப்புள்ளி, பிறகு நோட்டிஃபை-சென்ட். அங்கே வேலை முடிந்து எஸ்எஸ்ஹெச் திரும்பியதும் உங்கள் பக்கத்தில் பெட்டி வரும். அரைப்புள்ளியை மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டால் அதுவும் அந்தப் பக்கமே போய்விடும், பார்த்துப் போடுங்கள்.

அடுத்த தடவை அங்கே நேரில் போகும்போது அறிவிப்புப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒரு மாதத்துச் சேதியும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். அந்தச் சேதிகளில் நீங்கள் என்ன எழுதியிருந்தீர்கள் என்று கடிதத்தில் சொல்லவில்லை. பூட்டிய திரையிலும் அறிவிப்பு தெரியும்படி அமைப்பு இருந்திருந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சொல்வார்கள்.